கேளாமலே கடனட்டையில் ஏறிய காப்புறுதி: கனடாவில் அந்தப் பணத்தைத் திரும்பப் பெறும் வழி

கனடாவுக்கு வந்த முதல் ஆண்டில், ஒரு பெரிய கடையின் வாசலில் மேசை போட்டு நின்ற இளைஞர் ஒருவரிடம் படிவம் நிரப்பி ஒரு கடனட்டை எடுத்தேன். அட்டை தபாலில் வந்ததும் அதைச் செயற்படுத்துவதற்காகத் தொலைபேசியில் அழைத்தேன். மறுமுனையில் இருந்த பெண் எதையோ மிக வேகமாக வாசித்துக்கொண்டே போனார், நானும் இடைக்கிடை "யெஸ், யெஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது நம் ஊரில் ஒருவர் பேசும்போது நாம் போடுகிற "ஓம், ஓம்" தான். கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள் என்பதற்கு மேல் அதில் பொருள் இல்லை. மூன்றாவது மாதம் அட்டையின் கூற்றை (ஸ்டேட்மென்ட்டை) முதன்முதலாக வரிவரியாகப் பார்த்தபோது, மரக்கறிக் கடைக்கும் பெற்றோலுக்கும் நடுவில் 7 டொலர் 13 சதம் என்றொரு வரி நின்றது. நான் எங்கும் வாங்காத பொருளுக்கான விலை அது.

அந்த வரியைக் கண்டுபிடிப்பது எப்படி, நிறுத்துவது எப்படி, கட்டிய பணத்தை மீட்பது எப்படி என்று புதிதாக வந்த உறவினர்கள் பலருக்குப் பின்னர் சமையலறை மேசையில் இருந்தபடி சொல்லியிருக்கிறேன். அதையே இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

அந்த வரி என்ன

கூற்றில் அதன் பெயர் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். "பலன்ஸ் புரொடெக்ஷன்", "பேமென்ட் புரொடெக்ஷன்", "கிரெடிட் புரொடெக்ஷன்" என்று வரலாம். சில வேளை வெறுமனே "இன்சூரன்ஸ் பிரீமியம்" என்று மட்டும் இருக்கும். நீங்கள் வேலை இழந்தாலோ, நோயால் அல்லது விபத்தால் வேலைக்குப் போக முடியாமற்போனாலோ, இறந்துவிட்டாலோ, அட்டையில் நிற்கும் கடனில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ காப்புறுதி நிறுவனம் வங்கிக்குக் கட்டும் என்பதே அதன் ஏற்பாடு. பணம் உங்கள் கைக்கு வராது.

கட்டுப்பணம், அதாவது பிரீமியம், பெரும்பாலும் நிலுவையின் ஒவ்வொரு 100 டொலருக்கும் மாதம் 1 டொலர் அளவில் இருக்கும். சில மாகாணங்களில் அதற்கு மேல் மாகாண விற்பனை வரியும் சேரும், ஒன்ராறியோவில் அது 8 வீதம். எனது அட்டையில் அந்த மாதம் நின்றது 660 டொலர். அதற்கு 6 டொலர் 60 சதம், வரி 53 சதம், ஆக 7 டொலர் 13 சதம். சிறிய தொகை என்பதால்தான் அது கண்ணில் படாமல் ஓடுகிறது. ஆனால் ஒருவர் தமது அட்டையில் எப்போதும் 2,000 டொலர் கடன் வைத்திருந்தால் மாதம் 21 டொலர் 60 சதம், ஆண்டுக்கு 259 டொலர் 20 சதம் போய்விடும். மாத முடிவில் முழுத் தொகையையும் கட்டிவிடுபவர்கள் தமக்கு இது பொருந்தாது என்று நினைப்பதுண்டு. பல திட்டங்களில் கூற்று அச்சிடப்படும் நாளின் நிலுவையை வைத்தே கணக்கிடுவதால், ஒரு சதம் வட்டி கட்டாதவரும் கட்டுப்பணம் கட்டிக்கொண்டிருப்பார்.

இதில் எனக்கு அதிகம் கோபம் தருவது வேறொன்று. சுயதொழில் செய்பவர்கள், வாரத்தில் சில மணிநேரம் மட்டும் வேலை செய்பவர்கள், பருவகால வேலைக்காரர்கள், காப்புறுதி தொடங்குமுன்பே நோய் இருந்தவர்கள் ஆகியோருக்குப் பல திட்டங்களில் முக்கியமான பகுதிகள் செல்லாது. புதிதாக வந்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் வாழத் தொடங்குகிறோம். காப்புறுதிப் பணம் கேட்டுக் கோரிக்கை வைக்கும் நாளில்தான் தகுதி பார்க்கப்படும், அதுவரை கட்டுப்பணம் மட்டும் தவறாமல் போகும்.

சட்டம் உங்களுக்குத் தருவது

இந்தக் காப்புறுதி விருப்பத்துக்குரியது. இதை எடுத்தால்தான் அட்டை கிடைக்கும் என்று எந்த வங்கியும் கட்டாயப்படுத்த முடியாது. மத்திய அரசின் மேற்பார்வையில் உள்ள வங்கிகள் எந்தப் புதிய சேவையையும் தொடங்குமுன் வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதத்தைப் பெறவேண்டும் என்பது பழைய விதி. பெரிய வங்கிகள் ஆறின் விற்பனை முறைகளைக் கனடிய நிதி நுகர்வோர் முகவரகம், அதாவது எஃப்.சி.ஏ.சி., ஆராய்ந்து 2018 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, அங்கே விற்பனை நோக்கமே மேலோங்கி நிற்கிறது என்று பதிவுசெய்தது. அதன் பின்னர் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு, 2022 ஜூன் 30 முதல் விதிகள் மேலும் இறுகின.

புதிதாக வந்த ஒருவர் அவற்றில் நான்கை நினைவில் வைத்திருந்தால் போதும். சம்மதம் கேட்கும்போது பயன்படுத்தும் மொழி தெளிவாகவும் எளிமையாகவும் பிழையான எண்ணம் தராததாகவும் இருக்கவேண்டும். வாய்மொழியாகச் சம்மதம் பெற்றால் அதற்கான சான்றைத் தாமதமின்றி எழுத்தில் தரவேண்டும். ஒரு சேவையை நீங்கள் பயன்படுத்தினீர்கள் என்பதே சம்மதமாகிவிடாது. ஆகவே "இத்தனை மாதம் கட்டினீர்களே, அப்படியானால் ஏற்றுக்கொண்டதாகத்தானே பொருள்" என்ற வாதத்துக்கு நீங்கள் அடங்கிப்போக வேண்டியதில்லை. நான்காவது மிக முக்கியமானது: சம்மதம் பெறாமல் அறவிட்ட கட்டணத்தை வங்கி வட்டியுடன் திருப்பித் தரவேண்டும். இவற்றுக்கு மேலாக, வாடிக்கையாளரின் நிலைமைக்குப் பொருந்தாத பொருளை விற்காதபடி நடைமுறை வைத்திருக்கவேண்டிய கடமையும் வங்கிக்கு உண்டு.

கடன் சங்கங்கள் பெரும்பாலும் மாகாணச் சட்டத்தின் கீழ் வருபவை, அவற்றுக்கு மேற்கண்ட மத்திய விதிகள் அப்படியே பொருந்தா. கடைகளின் பெயர் பொறித்த அட்டைகள் பெரும்பாலும் ஏதோ ஒரு வங்கியாலேயே வழங்கப்படுகின்றன. அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் வழங்குநரின் பெயர் இருக்கும். முறைப்பாட்டைக் கடைக்கு அனுப்பினால் பயனில்லை, அந்தப் பெயருக்கே அனுப்பவேண்டும்.

முதலில் கூற்றுகளை எடுத்து வையுங்கள்

வங்கியின் இணையக் கணக்கில் நுழைந்து, கிடைக்கும் அத்தனை மாதக் கூற்றுகளையும் இறக்கிச் சேமியுங்கள். அட்டையை மூடிவிட்டால் அவற்றை மறுபடி பெறுவது தொல்லை, ஆகவே கோபத்தில் அட்டையை முதலில் இரத்துச் செய்யாதீர்கள். பிறகு ஓர் அப்பியாசக் கொப்பியில் நான்கு கட்டம் கீறி, கூற்றின் திகதி, அன்றைய நிலுவை, கட்டுப்பணம், வரி ஆகியவற்றை எழுதிக்கொண்டு போங்கள். என் மைத்துனருக்கு இப்படி எழுதிப் பார்த்தபோது நான்கு ஆண்டுகளில் தொகை 900 டொலரைத் தாண்டியிருந்தது. அவர் கொப்பியை மூடிவிட்டுச் சிறிது நேரம் எதுவும் பேசவில்லை.

கட்டுப்பணம் முதன்முதலாக விழுந்த மாதத்தைக் கண்டுபிடித்து, அதற்கு முந்தைய வாரங்களில் என்ன நடந்தது என்று யோசியுங்கள். அட்டையைச் செயற்படுத்திய அழைப்பா, கடன் எல்லையைக் கூட்டித் தருகிறோம் என்று அவர்களே எடுத்த அழைப்பா, "முதல் மாதம் இலவசம்" என்று வந்த கடிதமா, கடை வாசலில் நிரப்பிய படிவமா என்பது தெரிந்தால் எதைக் கேட்டு வாங்கவேண்டும் என்பதும் தெரியும்.

இந்த இடத்தில் உங்களிடம் நீங்களே நேர்மையாக இருக்கவேண்டும். படிவத்தில் அந்தப் பெட்டியில் நீங்களே அடையாளமிட்டு முதலெழுத்தும் வைத்திருந்தால், "நான் கேட்கவே இல்லை" என்று எழுதாதீர்கள். படிவம் வெளியே வந்ததும் முழு முறைப்பாடும் சரிந்துவிடும். "இது கட்டணம் உள்ள தனிச் சேவை என்று எனக்கு விளக்கப்படவில்லை" அல்லது "எனது தொழிலுக்கு இந்தக் காப்புறுதி பொருந்தாது, அதை யாரும் கேட்டறியவில்லை" என்பதே உங்கள் உண்மையான முறைப்பாடாக இருக்கலாம், அதற்கும் வலு உண்டு.

பிறகு நிறுத்துங்கள்

நிறுத்துவதும் பணத்தை மீட்பதும் வெவ்வேறு வேலைகள். காப்புறுதியை நிறுத்தச் சொன்னால் வருங்காலக் கட்டணம் மட்டுமே நிற்கும், கட்டியது தானாகத் திரும்பாது. பெரும்பாலான காப்புறுதிச் சான்றிதழ்களில் தொடக்கத்தில் 30 நாள் பார்த்துத் தீர்மானிக்கும் காலம் இருக்கும். அதற்குள் நிறுத்தினால் கேள்வியின்றி முழுப் பணமும் வரும். அந்தக் காலம் கடந்திருந்தால் இங்கே சொல்லும் மற்றப் படிகள் தேவைப்படும்.

அழைக்கும்போது தாளும் பேனையும் பக்கத்தில் இருக்கட்டும். திகதி, நேரம், பேசியவரின் பெயர், அழைப்பின் குறிப்பிலக்கம் ஆகிய நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். நிறுத்த வேண்டாம் என்று இரண்டு மூன்று முறை கேட்பார்கள், வேலை போனால் என்ன செய்வீர்கள் என்று பயமும் காட்டுவார்கள். நிறுத்தியதை மின்னஞ்சலில் உறுதிப்படுத்துமாறு கேட்டு, அது வரும்வரை அந்த வேலை முடிந்ததாக எண்ணாதீர்கள். ஆனால் நீங்கள் ஏற்கெனவே நோயுற்றோ வேலையிழந்தோ இருந்தால் அவசரப்பட வேண்டாம்: முதலில் சான்றிதழை வாசித்து, உங்களுக்குக் கோரிக்கை உரிமை உண்டா என்று பாருங்கள். எப்படியோ ஏறிவிட்ட காப்புறுதி சிலருக்கு அந்த ஒரு தருணத்தில் உதவியும் இருக்கிறது.

அதே அழைப்பில், "நல்லெண்ணமாக இரண்டு மாதப் பணத்தைத் திருப்புகிறோம்" என்று சொல்லக்கூடும். வாங்கலாம். ஆனால் "இத்துடன் விடயம் முடிந்ததா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று சொல்லுங்கள், அந்த உரையாடலும் பதிவாகிக்கொண்டிருக்கிறது.

வங்கியின் செயலியில் பரிமாற்றத்தை மறுக்கும் பொத்தான் ஒன்று இருக்கும். பலர் அதை அழுத்திவிட்டுக் காத்திருக்கிறார்கள். கடைகளில் நடந்த கொள்வனவுகளை மறுப்பதற்காக வைத்தது அது, வங்கியே அறவிட்ட காப்புறுதிக் கட்டுப்பணத்துக்கு உரிய வழி முறைப்பாடுதான்.

சம்மதத்தின் சான்றைக் கேளுங்கள்

முழு வேலையிலும் இதுவே மையம் என்பது என் அனுபவம். நீங்கள் சம்மதிக்கவில்லை என்பதை நீங்கள் நிரூபிக்க முயலவேண்டாம். இல்லாத ஒன்றை யாரும் காட்ட முடியாது. சம்மதம் பெற்றோம் என்று சொல்பவர்கள் அதைக் காட்டட்டும்.

கனடாவின் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டமான பிப்பேடா, ஒரு நிறுவனம் உங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. எழுத்தில் கேட்டால் 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். வங்கியின் இணையத்தளத்தில் தனியுரிமை அதிகாரிக்கான முகவரி இருக்கும். காப்புறுதியில் சேர்க்கப்பட்ட திகதி, சேர்த்த வழி, அந்த அழைப்பின் ஒலிப்பதிவு அல்லது அதன் எழுத்துப் பிரதி, விண்ணப்பப் படிவத்தின் பிரதி, சம்மதத்தை உறுதிப்படுத்தி உங்களுக்கு அனுப்பியதாகச் சொல்லும் கடிதம் ஆகியவற்றைப் பெயர் குறிப்பிட்டுக் கேளுங்கள். ஒலிப்பதிவுகளை என்றென்றைக்கும் வைத்திருக்கமாட்டார்கள், ஆகவே இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒலிப்பதிவு கிடைத்தால் பொறுமையாகக் கேளுங்கள். விலை சொல்லப்பட்டதா? இது விருப்பத்துக்குரியது என்று சொல்லப்பட்டதா? "காப்புறுதியில் சேர விரும்புகிறீர்களா?" என்று தனியாக ஒரு கேள்வி வந்ததா, அல்லது முகவரியை உறுதிப்படுத்தும் கேள்விகளின் தொடர்ச்சியில் வழுக்கிக்கொண்டு போனதா? மேலே சொன்ன "யெஸ், யெஸ்" எந்த வாக்கியத்தின் நடுவில் விழுந்திருக்கிறது என்று நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பேசுபவர் மூச்சுவிடுமுன் இடையில் விழுந்த "யெஸ்" ஒரு கேள்விக்கான பதிலாக இருக்க முடியாது என்பதைக் கடிதத்தில் அப்படியே எழுதலாம்.

முறைப்பாட்டுக் கடிதம்

தொலைபேசியில் முறையிட்டாலும் அது முறைப்பாடுதான். இருந்தாலும் எழுத்தில் கொடுங்கள், "கொம்பிளெயின்ட்" என்ற சொல்லை அதில் மறக்காமல் இடுங்கள். "எனக்கொரு கேள்வி" என்று தொடங்கும் மென்மையான மின்னஞ்சலுக்கு மென்மையான பதிலே வரும். கடிதம் ஆங்கிலத்தில் அல்லது பிரெஞ்சில் இருக்கவேண்டும். இலக்கணம் சரியாக இருக்கவேண்டும் என்பதில்லை, எண்களும் திகதிகளும் சரியாக இருந்தால் போதும். உள்ளடக்கம் இப்படி அமையலாம்:

"இது ஒரு முறையான முறைப்பாடு. எனது கடனட்டையில் (கடைசி நான்கு இலக்கம் …) … ஆம் திகதி முதல் நிலுவைக் காப்புறுதிக் கட்டுப்பணம் அறவிடப்பட்டு வருகிறது. இந்தக் காப்புறுதிக்கு நான் வெளிப்படையான சம்மதம் தரவில்லை. எழுத்தில் எந்த உறுதிப்படுத்தலும் எனக்குக் கிடைக்கவில்லை. … ஆம் திகதி அதை இரத்துச் செய்தேன், குறிப்பிலக்கம் …. இதுவரை கட்டிய கட்டுப்பணம் … டொலர், வரி … டொலர், விவரம் இணைக்கப்பட்டுள்ளது. தொடக்க நாளிலிருந்தே காப்புறுதியை நீக்கி, கட்டுப்பணத்தையும் வரியையும் அவற்றின் மீது அட்டையில் ஏறிய வட்டியையும் சட்டப்படி சேரவேண்டிய வட்டியையும் திருப்பித் தருமாறு கேட்கிறேன். நான் சம்மதித்ததாக நீங்கள் கருதினால் அதற்கான சான்றை அனுப்புங்கள். உங்கள் முடிவை எழுத்தில் தாருங்கள்."

அவ்வளவுதான். வந்த கதை, பட்ட பாடு, மன உளைச்சல் எல்லாவற்றையும் மூன்று பக்கத்துக்கு எழுதினால் வாசிப்பவர் கேட்ட தொகையைத் தேடவேண்டியிருக்கும்.

56 நாட்களும் அதற்குப் பின்னரும்

முறைப்பாடு வங்கிக்குக் கிடைத்த நாளிலிருந்து 56 நாட்களுக்குள் அதை முடித்துவைக்க வேண்டும். வாடிக்கையாளர் சேவையிலிருந்து மேலதிகாரிக்கும், அங்கிருந்து வங்கியின் உள் மேன்முறையீட்டு அலுவலகத்துக்கும் கடிதம் நகரும்போது நாட்கள் புதிதாகத் தொடங்குவதில்லை. எல்லாம் சேர்த்தே 56. நாட்காட்டியில் அந்த நாளை வட்டமிட்டு வையுங்கள்.

பதில் திருப்தி தராவிட்டாலோ, 56 நாட்கள் கடந்தும் பதில் இல்லாவிட்டாலோ, வங்கிக்கு வெளியே இருக்கும் குறைதீர் அமைப்பான ஓ.பி.எஸ்.ஐ.யிடம் போகலாம். முன்பு வங்கிகள் இரண்டு அமைப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவந்தன. 2024 நவம்பர் 1 முதல் எல்லா வங்கிகளுக்கும் ஓ.பி.எஸ்.ஐ. ஒன்றே. பழைய வழிகாட்டிகளில் வேறு பெயரைக் கண்டால் குழம்பவேண்டாம். சேவை இலவசம், சட்டத்தரணி தேவையில்லை. வங்கியின் முடிவு கிடைத்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் போகவேண்டும். 350,000 டொலர் வரை இழப்பீடு பரிந்துரைக்க அதற்கு அதிகாரம் உண்டு, நம் விடயத்தில் அந்த எல்லையைப் பற்றி யாரும் கவலைப்படத் தேவையில்லை. பரிந்துரை வங்கியைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது; ஆனால் மறுக்கும் நிறுவனத்தின் பெயர் பகிரங்கமாக வெளியிடப்படும். தொலைபேசி 1-888-451-4519. மொழிச் சிக்கல் இருந்தால் மொழிபெயர்ப்பு உதவி கேளுங்கள்.

எஃப்.சி.ஏ.சி.க்கும் தனியாக முறையிடலாம்: 1-866-461-3222. அது உங்களுக்குப் பணம் வாங்கித் தராது. வங்கிகள் விதிப்படி நடக்கின்றனவா என்று கண்காணிப்பதே அதன் வேலை. ஒரே வகை முறைப்பாடு பல வந்தால் அது கவனிக்கும் என்பதற்காகவே அனுப்புகிறோம். காப்புறுதி நிறுவனம் கோரிக்கையை மறுத்தது என்பதுதான் உங்கள் பிரச்சினை என்றால் வாசல் வேறு: முதலில் அந்த நிறுவனம், பிறகு ஆயுள், சுகாதாரக் காப்புறுதிக்கான குறைதீர் சேவை. கியூபெக்கில் இருப்பவர்கள் மாகாணத்தின் நிதிச் சந்தை அதிகாரசபையையும் அணுகலாம்.

சிறு வழக்குகளுக்கான நீதிமன்றமும் இருக்கிறது. ஒன்ராறியோவில் விடயம் தெரியவந்த நாளிலிருந்து பொதுவாக 2 ஆண்டுகளுக்குள் வழக்கிடவேண்டும். 200, 300 டொலருக்காக நான் யாரையும் அங்கே அனுப்பமாட்டேன். ஆனால் அந்தக் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை மறக்கவேண்டாம்.

இதற்கிடையில் அட்டைக் கட்டணத்தை நிறுத்தாதீர்கள்

நியாயம் என் பக்கம் இருக்கிறது, ஆகவே கட்டமாட்டேன் என்று இருப்பவர்களே அதிகம் இழக்கிறார்கள். தவறிய கட்டணம் எக்குவிபக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் ஆகிய இரண்டு கடன் பதிவு நிறுவனங்களுக்கும் போகக்கூடும். வீடு வாடகைக்கு எடுக்கவும் கார் வாங்கவும் புதிதாக வந்தவரிடம் கேட்கப்படுவது அந்தப் பதிவுதான். 7 டொலருக்காக அதைக் கெடுக்கக்கூடாது. கூற்றில் உள்ள முழுத் தொகையையும், முடியாவிட்டால் குறைந்தபட்சத் தொகையையாவது, உரிய நாளுக்குள் கட்டிக்கொண்டே முறைப்பாட்டைத் தொடருங்கள்.

பணம் திரும்பி வந்த பிறகும் அடுத்த இரண்டு கூற்றுகளைப் பாருங்கள். இரத்துச் செய்த மாதத்தின் கட்டுப்பணம் பின்தங்கி ஒருமுறை விழுவதுண்டு. இரத்தை உறுதிப்படுத்திய மின்னஞ்சலை இணைத்து ஒரு வரி எழுதினால் அதுவும் திரும்பும். வந்த தொகையை உங்கள் கொப்பியுடன் ஒப்பிட்டு, வரியும் வட்டியும் அதில் உண்டா என்று பாருங்கள். என் விடயத்தில் ஒலிப்பதிவு கிடைக்கவில்லை என்று பதில் வந்தது. ஐந்து கிழமை கழித்து மூன்று மாதக் கட்டுப்பணமாக 21 டொலர் 17 சதம் அட்டையில் திரும்ப ஏறியிருந்தது. அதில் வட்டி இல்லை. இன்னொரு மின்னஞ்சல் எழுதினேன், அடுத்த கூற்றில் 31 சதம் வந்தது.